துண்டு வெட்டிய பிறகு: யாழ்ப்பாணத்து வீடுகளில் எலும்பு நலிவும் பராமரிப்பும்

வயதுபோன ஒருவர் வீட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்று முதற்கட்ட வேலைகள் பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கின்றன. 1990 என்ற இலக்கத்தை அழுத்தினால் சுவசெரிய அம்புலன்ஸ் வாசலுக்கு வருகிறது. வடக்குக்கு அந்தச் சேவை வந்தது 2018இல். போதனா வைத்தியசாலையில் என்பு முறிவுச் சத்திரசிகிச்சைப் பிரிவு இருக்கிறது. ஆணியோ தகடோ செயற்கை மூட்டோ வைத்து நோயாளியை எழுப்பி இருத்துகிறார்கள். சில நாள்களில் துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிறார்கள். எந்த எலும்பு முறிந்தது, என்ன ஒபரேஷன் நடந்தது, கிளினிக்குக்கு எப்போது வரவேண்டும் என்பதெல்லாம் துண்டில் இருக்கும். நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே ஒரு தொடை எலும்பு ஏன் முறிந்தது என்ற கேள்விக்கான பதில் பலவேளைகளில் இருக்காது. முறிவுக்கு வைத்தியம் முடிந்துவிட்டது. முறிவைக் கொண்டுவந்த நோய் அப்படியே வீட்டுக்குத் திரும்புகிறது.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய குறை அல்ல. பணக்கார நாடுகளிலும் இடுப்பு முறிந்து வீடு திரும்பும் முதியவர்களில் பெரும்பாலானோர் எலும்பை வலுப்படுத்தும் மருந்து எதுவும் இல்லாமலே போகிறார்கள் என்பதை ஆய்வுக்கு மேல் ஆய்வு காட்டியிருக்கிறது. சத்திரசிகிச்சை நிபுணர் அது மருத்துவரின் வேலை என்று எண்ணுகிறார். மருத்துவர் அந்த நோயாளியைக் காண்பதே இல்லை. வீட்டுக்காரருக்கு அப்படியொரு நோய் இருப்பதே தெரியாது. இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்: அடுத்த முறிவைத் தடுக்கும் வேலையில் பெரும்பங்கு வீட்டுக்குள் நடக்கவேண்டியது. அதற்கு வீட்டுப் படியேறி வரும் ஒருவர் பொறுப்பாக இருக்கவேண்டும். அப்படி ஒருவரை நிறுத்துவதற்கு வேண்டிய அமைப்பில் பெரும்பகுதி ஏற்கெனவே நம்மிடம் உண்டு.

எலும்பு உயிருள்ள இழையம். பழையது கரைவதும் புதியது கட்டப்படுவதும் வாழ்நாள் முழுக்க நடக்கின்றன. இருபத்தைந்து, முப்பது வயதளவில் அது உச்ச வலுவை எட்டுகிறது. பிறகு மெல்ல இறங்குகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் வரும் சில ஆண்டுகளில் அந்த இறக்கம் வேகம் பிடிக்கிறது. வெளித்தோற்றம் மாறாமல் உள்ளே முருகைக்கல்லைப் போலத் துளைகள் விரிகின்றன. உலக சுகாதார நிறுவனம் 1994இல் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தது: எலும்பின் அடர்த்தி, ஆரோக்கியமான இளம் பெண்களின் சராசரியிலிருந்து 2.5 நியம விலகலோ அதற்கு மேலோ கீழே இறங்கியிருந்தால் அது எலும்பு நலிவு நோய். முழங்கால் மூட்டுத் தேய்வு வேறு, இது வேறு. மூட்டுத் தேய்வு ஒவ்வொரு நாளும் நோவைக் கொடுத்து ஆளை வைத்தியரிடம் அனுப்புகிறது. எலும்பு நலிவு முறியும் நாள்வரை ஒரு சொல்லும் சொல்வதில்லை. அதனால்தான் முழங்காலுக்கு எண்ணெயும் ஊசியும் தேடி அலையும் வீடுகளில்கூட எலும்பைப் பற்றிய பேச்சு எழுவதில்லை.

ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களில் மூவரில் ஒருவரும் ஆண்களில் ஐவரில் ஒருவரும் மீதமுள்ள வாழ்நாளில் இத்தகைய முறிவொன்றைச் சந்திப்பார்கள் என்பது உலகளாவிய கணக்கு. இடுப்பு முறிந்தவர்களில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார். எஞ்சியோரில் பலர் முன்பு நடந்த நடையைத் திரும்பப் பெறுவதில்லை. ஒரு தடவை முறிந்தவருக்கு மறுபடி முறியும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. இந்தக் கடைசிக் கணக்கையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். யாருக்கு உதவி முதலில் போகவேண்டும் என்பதை முதல் முறிவே நமக்குக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஊர் முழுவதையும் ஸ்கான் செய்து பார்க்கத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தின் சனத்தொகைக் கதையும் இதோடு சேர்ந்தது. 1981இல் ஏழு இலட்சத்தைத் தாண்டியிருந்த மாவட்டம் 2012 கணக்கெடுப்பில் ஆறு இலட்சத்துக்கும் கீழே நின்றது. போனவர்களில் பெரும்பான்மையோர் இளையவர்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் பிள்ளைகள் இருக்க, பெரிய வளவுக்குள் தாயும் தகப்பனும், பிறகு அவர்களில் ஒருவர் மட்டும் எஞ்சும் வீடுகளை வடமராட்சியிலும் வலிகாமத்திலும் தீவுப்பகுதியிலும் ஒழுங்கைக்கு ஒழுங்கை காணலாம். இலங்கை முழுவதுமே ஆசியாவில் விரைவாக மூப்படையும் நாடுகளில் ஒன்று. குடாநாட்டில் அந்த மூப்போடு தனிமையும் சேர்ந்துவிட்டது.

முறிவென்றால் எல்லோர் கண்முன்னும் இடுப்புத்தான் வருகிறது. எண்ணிக்கையில் பெரியதும் கண்ணில் படாததும் முள்ளந்தண்டு முறிவு. முள்ளந்தண்டு எலும்புகள் நசிந்து முறிவதில் மூன்றில் இரண்டு பங்கு வைத்தியரின் பார்வைக்கே வருவதில்லை. ‘நாரி உளையுது’ என்று சொல்லிக் கொஞ்ச நாள் படுத்திருந்து எழும்பிவிடுகிறார்கள். ஆச்சி குறண்டிப் போனா, வயசுதானே என்று வீடும் விட்டுவிடுகிறது. இளவயதில் இருந்ததைவிட நான்கு சென்ரிமீற்றருக்கு மேல் உயரம் குறைந்திருந்தால், அதை வயதின் தலையில் போட்டுவிட்டு இருக்கக்கூடாது.

வீட்டுக்கு வரும் ஒருவர் எந்த இயந்திரமும் இல்லாமல் இதைச் சந்தேகிக்கலாம். குதிக்கால் சுவரில் பட நிமிர்ந்து நிற்கச் சொன்னால் பின்னந்தலை சுவரைத் தொடுகிறதா என்று பார்க்கலாம். தொடாவிட்டால் முதுகெலும்பு நசிந்திருக்கக்கூடும். பக்கவாட்டில் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிகூட இல்லாவிட்டால் அதுவும் ஓர் அறிகுறி. உடல் நிறை 51 கிலோவுக்குக் கீழே, வாயில் இருபது பல்லுக்குக் குறைவு என்பவையும் நலிவைச் சுட்டுபவையாக அமெரிக்க மருத்துவ இதழொன்றில் 2004இல் வந்த மீளாய்வு பட்டியலிட்டது. நம் ஆச்சிமாரில் எத்தனை பேர் 51 கிலோவைத் தாண்டுவார்கள் என்று எண்ணிப் பார்த்தால், பாதி வேலை தராசிலேயே முடிந்துவிடும் என்று தோன்றும்.

மணிக்கட்டு முறிவு இன்னும் கூடிய கவனத்தைக் கேட்கிறது. ஐம்பதுகளில் இருக்கும் பெண் கையை ஊன்றி விழுகிறார், மணிக்கட்டு முறிகிறது. இது நோய் தரும் முதல் எச்சரிக்கை. இடுப்பு முறிவதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே வரக்கூடியது. யாழ்ப்பாணத்தில் இப்படியானவர்களில் கணிசமானோர் வைத்தியசாலைக்கு வருவதில்லை. முறிவு நெரிவு வைத்தியரிடம் போய்ப் புக்கை கட்டுகிறார்கள். பரம்பரை பரம்பரையாக வந்த அந்தக் கைப்பழக்கத்தில் சனங்களுக்கு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையை இகழ்ந்து பேசுவதால் ஒருவரும் வைத்தியசாலைக்கு வந்துவிடப் போவதில்லை. கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமே சித்த மருத்துவம் படிப்பிக்கிறது. பரம்பரை வைத்தியரோடு பேசுவதற்கு இதைவிட நல்ல பாலம் எங்கே கிடைக்கும்? ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் சிறு விழுகையோடு முறிவென்று வந்தால், புக்கையைக் கட்டிவிட்டு, எலும்பு வலுவுக்கு ஒருக்கால் கிளினிக்கில் காட்டுங்கோ என்று ஒரு சிட்டை எழுதிக் கொடுக்கும் பழக்கத்தை அவர்களோடு பேசி உண்டாக்க முடியும். நோயாளி அவர் சொல்லைக் கேட்பார். எங்கள் துண்டைவிட அவருடைய வாய்ச்சொல்லுக்கு ஊரில் வலு கூட.

வைத்தியசாலை வாசலில் செய்யவேண்டியதற்கு உலகம் ஏற்கெனவே ஒரு வழி கண்டிருக்கிறது. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1999இல் முறிவுத் தொடர்புச் சேவை என்ற ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். ஐம்பது வயதுக்கு மேல் முறிவோடு வரும் ஒவ்வொருவரையும் ஒரு தாதி தேடிப் பிடித்து, எலும்பு வலுவைக் கணித்து, மருந்து தொடங்க வைத்து, குடும்ப வைத்தியருக்கு எழுதி அனுப்புவார். புதுமை தாதியின் பொறுப்பில்தான் இருக்கிறது. ஒரு பெயர், ஒரு பதிவேடு, ஒரு தொலைபேசி இலக்கம். சர்வதேச எலும்பு நலிவு மன்றம் 2012 முதல் இதையே உலகெங்கும் பரப்பிவருகிறது. யாழ்ப்பாணத்தில் முறிவு விடுதியிலேயே அத்தகைய தாதி ஒருவரை நிறுத்தினால், துண்டு வெட்டும் நாளில் இன்னொரு தாளும் சேரும். அந்தத் தாள் தமிழில் இருக்கவேண்டும். மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழில் மருத்துவம் படிப்பித்து, தமிழில் மருத்துவ நூல்களும் வெளியிட்ட மண் இது. நோயாளியின் கையில் கொடுக்கும் அறிவுறுத்தல் இன்னும் ஆங்கிலச் சுருக்கெழுத்தாக இருப்பதற்கு நியாயமே இல்லை.

ஸ்கான் வசதி தூரம் என்பதால் வைத்தியத்தைத் தள்ளிப்போடவும் வேண்டியதில்லை. சிறு விழுகையில் இடுப்போ முள்ளந்தண்டோ முறிந்த முதியவருக்கு, அடர்த்தியை அளக்காமலே மருந்து தொடங்கலாம் என்பதே பல நாடுகளின் வழிகாட்டல். மற்றவர்களுக்கு, ஷெஃபீல்ட் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட பிறாக்ஸ் கணிப்பான் உண்டு. வயது, நிறை, உயரம், முந்திய முறிவு, பெற்றோரின் இடுப்பு முறிவு, புகைத்தல், ஸ்ரெறொயிட் பாவனை போன்ற சில விவரங்களை வைத்து அடுத்த பத்து ஆண்டுகளின் முறிவு ஆபத்தை அது சொல்கிறது. இலங்கைக்கென்று தனிப் பதிப்பும் இருக்கிறது. ருகுணு பல்கலைக்கழகப் பேராசிரியர் சரத் லேக்கம்வசமும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்தத் துறையில் செய்த உழைப்பு அதன் பின்னால் உண்டு. கைத்தொலைபேசி இருந்தால் விறாந்தையில் இருந்தே கணக்குப் பார்த்துவிடலாம்.

சரி, படியேறி வருவது யார்? இலங்கையின் பொதுச் சுகாதாரம் வீட்டு வாசலில் பிறந்தது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து, கர்ப்பிணியின் வீட்டுக்கும் பிள்ளை பெற்ற தாயின் வீட்டுக்கும் போவது குடும்பநல உத்தியோகத்தரின் அன்றாட வேலை. பிள்ளைப்பேற்றில் தாய் இறப்பதை இந்த நாடு இவ்வளவு குறைத்ததற்கு அந்த நடை முக்கிய காரணம். வாழ்வின் ஒரு முனையில் நூறாண்டாக நடக்கும் இந்த வீட்டுத் தரிசனம் மறுமுனைக்கு இன்னும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. ஏற்கெனவே ஆயிரக்கணக்கானோருக்கு ஒருவர் என்று நிற்கும் குடும்பநல உத்தியோகத்தரின் தோளில் இதையும் ஏற்றுவது அநியாயம். ஆனால் அண்மைக் காலத்தில் ஆரம்பப் பராமரிப்பு நிலையங்களில் பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர்கள் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். தொற்றா நோய்களும் முதியோரும் அவர்களுடைய பரப்புக்குள் வருகின்றன. இடுப்பு முறிந்தவரின் வீட்டுக்கு முதல் மாதத்தில் இரு தடவை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று அவர்களின் வேலையில் எழுதிச் சேர்ப்பது புதிய திணைக்களம் கேட்கும் காரியம் அல்ல. யாழ்ப்பாணத்தில் முறிவு விடுதியில் எழுதும் தாள் அந்தந்தச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்ச் சேரவேண்டும். பிறந்த பிள்ளையின் தகவல் போய்ச் சேர்வதுபோல இதுவும் தானாகப் போகவேண்டும். உறவினர் கொண்டுபோய்க் கொடுக்கட்டும் என்று விட்டால் அது மேசை இலாச்சியிலேயே இருந்துவிடும்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் பார்த்தால் இரண்டு நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. கேரளத்தில் கோழிக்கோட்டிலும் மலப்புரத்திலும் அக்கம்பக்கத்தாரின் தொண்டாக வளர்ந்த நோவுதணிப்புப் பராமரிப்பை, 2008இல் மாநில அரசு கொள்கையாக ஏற்று ஊராட்சிகளின் பொறுப்பில் வீட்டுத் தாதிகளை அமர்த்தியது. படுக்கையில் இருப்பவரின் வீட்டுக்கு ஊராட்சியின் வாகனம் போகிறது. தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்ட் 5ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மருந்துகளை வீட்டிலேயே கொடுக்கிறது. இயன்மருத்துவரையும் வீட்டுக்கு அனுப்புகிறது. இயன்மருத்துவர் வீட்டுக்கு வருவது எலும்பு நலிவில் மருந்துக்கு நிகரான பெறுமதி கொண்டது. குடாநாட்டில் ஒவ்வொரு ஆதார வைத்தியசாலையும், அதாவது மந்திகை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகியவை, வாரத்தில் ஒரு நாளையேனும் வீடுகளுக்கு ஒதுக்கும் இயன்மருத்துவர் ஒருவரைப் பெற்றால் நிலைமை நிறைய மாறும்.

அவர் வந்து என்ன செய்வார் என்பதற்கு நியூசிலாந்தின் ஒற்றாகோவில் உருவான பயிற்சித் திட்டம் விடை சொல்கிறது. எண்பது வயதுப் பெண்களின் வீடுகளுக்குப் போய், கதிரையிலிருந்து கைபிடிக்காமல் எழும்புவது, ஒரு பாதத்துக்கு முன் மறு பாதம் வைத்து நடப்பது, கணுக்காலில் சிறு பாரம் கட்டிக் காலைத் தூக்குவது எனச் சில பயிற்சிகளைக் கற்பித்து, நடக்கவும் தூண்டினார்கள். விழுகைகள் ஏறக்குறைய 35 வீதம் குறைந்தன. பயிற்றப்பட்ட தாதியர் போய்க் கற்பித்தபோதும் பலன் கிடைத்தது. இயன்மருத்துவர் போதாத இடங்களுக்கு அது நல்ல செய்தி. நம் வீடுகளில் இதற்கு நேர் எதிரான பழக்கமே இருக்கிறது. விழுந்தெழும்பிய அம்மாவை ‘நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம், பேசாமல் இருங்கோ’ என்று அன்பினால் கதிரையில் இருத்திவிடுகிறோம். இருக்க இருக்கத் தசை வற்றுகிறது, எலும்பு இன்னும் கரைகிறது. இருத்தி வைப்பதால் யாரும் விழாமல் இருந்ததில்லை.

இனி வீடு. யாழ்ப்பாணத்து வீட்டின் அமைப்பே முதியவருக்குப் பல இடங்களில் பொறி வைத்திருக்கிறது. கிணற்றடியில் மாரிகாலம் முழுவதும் பாசி. குளிப்பதும் உடுப்புத் தோய்ப்பதும் அங்கேயே என்றால் ஈரம் காயாது. மலசலகூடம் பல வளவுகளில் வீட்டை விட்டுத் தள்ளி, முற்றத்தைக் கடந்து இருக்கிறது. இரவில் சிறுநீருக்கு எழும்பும் எழுபத்தெட்டு வயதுக்காரர் இரண்டு படி இறங்கி, வெளிச்சமில்லாத முற்றத்தில் நடந்து, குந்தியிருந்து, மறுபடி எழும்பவேண்டும். அந்த ஒரு பயணத்தில் விழுவதற்கான காரணங்கள் எல்லாம் ஒன்றுகூடி நிற்கின்றன. புதிதாகக் கட்டிய வீடுகளில் வேறு விதம். வெளிநாட்டுக் காசில் பதித்த மாபிள் நிலம் கண்ணாடிபோல் மினுங்குகிறது. ஒரு துளி தண்ணீர் சிந்தினால் போதும். வீட்டு ஆபத்துகளைக் களைவது, குறிப்பாக ஏற்கெனவே விழுந்தவர்களின் வீடுகளில், விழுகைகளைக் கணிசமாகக் குறைக்கிறது என்று கொக்கிறேன் மீளாய்வுகள் காட்டியிருக்கின்றன.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் இங்கே நேராகவே பேசவேண்டும். அம்மாவுக்குக் கல்சியம் போத்தல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அலுமாரிக்குள் திகதி முடிந்து கிடக்கின்றன. அந்தக் காசில் அறையோடு சேர்ந்த ஒரு மலசலகூடம், உயரமான கொமேட், இரண்டு பக்கமும் சுவரில் இறுக்கிய கைப்பிடி, கட்டிலிலிருந்து அதுவரை இரவு முழுக்க எரியும் சிறு வெளிச்சம், கிணற்றடிக்குச் சொரசொரப்பான சீமெந்துப் பூச்சு ஆகியவற்றைச் செய்துகொடுத்தால் அது இடுப்பைக் காக்கும். வட்ஸ்அப்பில் முகத்தைப் பார்த்துக் கதைப்பவர்கள் ஒரு நாள் கமராவைத் திருப்பிக் குளியலறையைக் காட்டச் சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையம் ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் செயற்கைக் காலும் வழங்குகிறது. வோக்கர் யாருக்கு, பொல்லு யாருக்கு, எந்த உயரத்தில் என்று பார்த்துக் கொடுக்கத் தெரிந்தவர்கள் அத்தகைய இடங்களில் இருக்கிறார்கள். கடையில் வாங்கிய பொல்லு உயரம் தப்பினால் அதுவே ஆளை விழுத்தும்.

உணவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. குடாநாட்டுச் சமையல் இதில் ஏழையல்ல. நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். குரக்கன், எள்ளு, முருங்கையிலை, முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, ஆட்டுப்பால், தயிர் எல்லாம் நம்முடையவை. கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு, கல்சியம் சாப்பிட்டால் சலக்கல் வரும் என்ற பயம் மட்டும் பலரைப் பாலிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. இத்தாலியில் நடந்து 2002இல் வெளியான ஆய்வொன்றில், சலக்கல் வந்தவர்களில் கல்சியத்தைக் குறைத்தவர்களைவிட, அதை அளவாகச் சாப்பிட்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுக்கே கல் மறுபடி வருவது குறைந்தது. புரதமும் வேண்டும். வயதுபோனவர்களுக்கு இரவில் பிஸ்கற்றும் தேத்தண்ணியும் போதும் என்று விடுவது தசையையும் எலும்பையும் சேர்த்துத் தின்கிறது.

வெயிலின் கதை கொஞ்சம் சிக்கலானது. ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் கண்டியில் வாழ்பவர்களையும் ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வில், விற்றமின் டி அளவு கண்டியில் ஏறத்தாழ 54, ஒஸ்லோவில் ஏறத்தாழ 32 நனோமோல் எனக் கண்டார்கள். ஊரில் இருப்பவர்கள் மேல் என்றாலும் அந்த 54உம் தாராளமல்ல. அறையை விட்டு வெளியே வராத முதியவருக்கோ யாழ்ப்பாணமும் ஒஸ்லோவும் ஒன்றுதான். பிரான்சில் முதியோர் இல்லங்களில் இருந்த 3270 பெண்களிடம் நடந்து 1992இல் வெளியான ஆய்வில், விற்றமின் டியும் கல்சியமும் சேர்த்துக் கொடுத்தபோது இடுப்பு முறிவு 43 வீதம் குறைந்தது. அமெரிக்காவில் ஆரோக்கியமாக நடமாடும் 25,000 பேருக்கு மேல் நடந்து 2022இல் வெளியான ஆய்வில் விற்றமின் டி தனியாக எந்தப் பலனும் தரவில்லை. இரண்டும் முரண் அல்ல. வெயில் காணாத, சாப்பாடு குறைந்த, வீட்டோடு அடைந்தவருக்கு அது மருந்து. சந்தைக்குப் போய்வருபவருக்கு வீண் செலவு. வீட்டுப் பராமரிப்புக்கு வருபவர் முதல் வகையினரைத்தான் காண்கிறார். காலையில் கதிரையை முற்றத்து வெயிலுக்கு நகர்த்துவதும் அவருடைய வேலையாகட்டும்.

மருந்தில்தான் வீட்டின் பங்கு மிகக் கூர்மையாகத் தெரிகிறது. அலெண்ட்ரோனேற் 70 மில்லிகிராம் குளிசை, கிழமைக்கு ஒன்று. முள்ளந்தண்டு முறிவு ஏற்கெனவே இருந்த பெண்களிடம் அது இடுப்பு முறிவை ஏறக்குறைய பாதியாக்கியதை 1996இல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது. நல்ல மருந்து, ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. வெறும் வயிற்றில், ஒரு முழுக் கிளாஸ் தண்ணீரோடு விழுங்கவேண்டும். அதன்பின் அரை மணித்தியாலம் படுக்கக்கூடாது, தேத்தண்ணியும் கூடாது, வேறு குளிசையும் கூடாது. கண் விழித்ததும் தேத்தண்ணி கேட்கும் ஊரில் இது சிறு நிபந்தனை அல்ல. தேத்தண்ணியோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சேராது. விழுங்கிவிட்டுச் சாய்ந்து படுத்தால் தொண்டைக் குழாய் புண்ணாகும். வெள்ளிக்கிழமை முழுகி, சாமி கும்பிட்ட பிறகே சாப்பிடும் வீடுகளில் அந்த நாளையே குளிசை நாளாக்கிவிடலாம். இன்னொன்றும் யாழ்ப்பாணத்துக்கே உரியது. கனியுப்புக் கூடிய தண்ணீரோடு இந்த மருந்தை எடுக்கக்கூடாது, கல்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும் என்பது மருந்துத் தாளிலேயே உள்ள எச்சரிக்கை. குடாநாட்டின் சுண்ணக்கல் கிணறுகளின் தண்ணீர் கடினமானது. ஆகவே குளிசைக்கு மட்டுமாவது வடிகட்டிக் கனியுப்பு நீக்கிய தண்ணீரையோ மழைத்தண்ணீரையோ வைத்துக்கொள்வது நல்லது. கொழும்பிலிருந்து வரும் துண்டுப் பிரசுரம் இதைச் சொல்லாது. வீட்டுக்கு வரும் தாதிதான் சொல்லவேண்டும்.

நிமிர்ந்து இருக்க முடியாதவருக்கு, மறதி நோய் உள்ளவருக்கு, விழுங்கச் சிரமப்படுபவருக்கு அந்தக் குளிசை பொருந்தாது. அவர்களுக்குச் சோலெட்ரோனிக் அமிலம் 5 மில்லிகிராம், ஆண்டுக்கு ஒருமுறை நாளத்தினூடாக, குறைந்தது பதினைந்து நிமிடத்தில் ஏற்றலாம். இடுப்பு முறிவுக்கு ஒபரேஷன் செய்து மூன்று மாதத்துக்குள் இதைப் பெற்றவர்களில் புதிய முறிவு 35 வீதமும் இறப்பு 28 வீதமும் குறைந்தன என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. சிறுநீரகத்தின் நிலையை முன்னதாகப் பார்க்கவேண்டும். விற்றமின் டி குறைந்திருந்தால் நிரப்பவேண்டும். முதல் தடவை காய்ச்சல் வரலாம் என்று சொல்லிவைக்கவேண்டும். என் கணிப்பில் குடாநாட்டுக்கு மிகப் பொருத்தமான மருந்து இதுவே. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகேறி வரும் முதியவரை வாராவாரம் ஒரு குளிசையோடு போராடச் சொல்வதைவிட, ஆண்டில் ஒரு நாள் ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிவருவது எல்லோருக்கும் இலகு.

பிள்ளைகளின் காசில் தொடங்கும் விலைகூடிய ஊசிகளில் ஓர் ஆபத்து இருக்கிறது. டெனோசுமாப் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடவேண்டியது. அதை இடையில் விட்டால் எலும்பு வேகமாக இறங்கி, முள்ளந்தண்டு எலும்புகள் ஒன்றுக்கு மேற்பட்டு ஒரே காலத்தில் நசியக்கூடும். காசு நின்றதாலோ கடையில் மருந்து இல்லாததாலோ கூட்டிப்போக ஆளில்லாததாலோ அது நிற்கலாம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் காணாமற்போன நாள்களை நாம் மறக்கவில்லை. தொடர்ந்து போடுவோம் என்ற உறுதி இல்லாத வீட்டில் அதைத் தொடங்காமல் இருப்பதே பாதுகாப்பு. தொடங்கியிருந்தால், அடுத்த ஊசி நாளைக் கலண்டரில் எழுதிவைப்பதும் நிறுத்தமுன் மாற்று மருந்து கேட்பதும் வீட்டுத் தாதியின் பட்டியலில் முதலாவதாக இருக்கவேண்டும். அதே வருகையில் மற்றக் குளிசைகளையும் கொட்டிப் பார்க்கலாம். நித்திரைக் குளிசை, அளவுக்கு மிஞ்சிய பிறசர் மருந்து, சீனியைச் சடுதியாக இறக்கும் மருந்து ஆகியவை ஆளை விழுத்துபவை. முட்டுக்கும் வாதத்துக்கும் ஆண்டுக்கணக்காக எடுக்கும் பிறெட்னிசொலோன் எலும்பை நேரடியாகக் கரைக்கும். இது ஆண்களையும் விடாது.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் இந்த வீடுகளில் பகலும் இரவும் இருப்பவர் பெரும்பாலும் சம்பளத்துக்கு வந்த ஒரு பெண். வன்னியிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்து, வீட்டோடு தங்கிப் பார்க்கிறார். நோயாளியைத் தூக்குவதும் குளிப்பாட்டுவதும் குளிசை கொடுப்பதும் அவர்தான். அவருக்கு யாரும் எதையும் முறையாகக் கற்றுக்கொடுப்பதில்லை. நலிந்த முதுகெலும்பு உள்ளவரை அக்குளில் பிடித்து இழுத்துத் தூக்கினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் முதியோருக்கான தேசிய செயலகம் இருக்கிறது. ஊர்தோறும் முதியோர் சங்கங்கள் இருக்கின்றன. சில நாள் பயிற்சியும் ஒரு சான்றிதழும், அதற்கேற்ற சம்பளமும் இந்தப் பெண்களுக்குக் கிடைக்க வழிசெய்வது அந்தச் சங்கங்கள் பிரதேச செயலகத்தோடு சேர்ந்து எடுக்கக்கூடிய காரியம். கைதடி அரச முதியோர் இல்லத்தைப் போன்ற இடங்கள் பயிற்சிக் களமாகலாம்.

இன்னொரு தலைமுறையைப் பற்றியும் சொல்லவேண்டும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின் ஆண்டுகளில், பால்மாவும் எரிபொருளும் மருந்தும் அரிதாகிப்போன குடாநாட்டில், பத்துக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்ட வயதில் வளர்ந்த பெண்பிள்ளைகள் இருந்தார்கள். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களும் அவர்கள்தான். எலும்பு தன் வலுவைச் சேர்த்துவைக்கும் வயது அது. அந்தப் பிள்ளைகள் இன்று நாற்பதுகளின் நடுவிலும் ஐம்பதுகளின் தொடக்கத்திலும் நிற்கிறார்கள். மாதவிடாய் நிற்கும் காலம். பிள்ளைகள் ஊரில் தங்கிவிட்ட வீடுகளில் தாய்மாரைக் கட்டிலில் வைத்துப் பார்ப்பவர்களும் பெரும்பாலும் இவர்களே. தாயின் இடுப்பு முறிவு மகளின் ஆபத்தையும் கூட்டுகிறது என்பதைப் பிறாக்ஸ் கணக்கிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஆகவே தாயைப் பார்க்க வீட்டுக்கு வரும் தாதி மகளிடமும் சில கேள்விகள் கேட்கவேண்டும்: எப்போதாவது கை முறிந்ததா, மாதவிடாய் நாற்பத்தைந்துக்கு முன் நின்றதா, முட்டுக்கு ஸ்ரெறொயிட் எடுக்கிறாவா, நிறை எவ்வளவு. விடைகளை அவருடைய பெயரில் வேறு அட்டையில் எழுதி, அருகிலுள்ள சுகவாழ்வு நிலையத்தில் சீனியும் பிறசரும் பார்க்கும் நாளுக்கே அவரையும் வரச்சொல்லலாம்.